ஐசோமெட்ரிக் வரையறதுக்கு கற்பனை வேண்டாமுங்க, பன்னெண்டு ஈக்குச்சி போதும்

ஆசிரியர் அவுங்களுக்கு வணக்கமுங்க.

ரெண்டு வாரம் முன்னாடி உங்க பேப்பர்ல கல்விப் பக்கத்துல, இன்ஜினியரிங் மொத வருசப் பசங்களுக்கு டிராயிங் ஏன் கஷ்டமா இருக்குதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சுங்க. எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல ஐசோமெட்ரிக் (ஒரு உருப்படியோட மேல்பக்கமும் ரெண்டு பக்கவாட்டும் ஒரே படத்துல தெரியற மாதர வரையறதுங்க) வரையறதுக்கு கற்பனைத் திறன் வேணும், அது செல பேருக்குத்தான் பொறவியிலயே இருக்கும்ங்கற மாதர ஒரு வரி. அதப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு கேக்கலைங்க. கடுதாசி எழுதிப் பழக்கமில்ல, போன்ல பேசினா அதுவே டைப் ஆயிக்கும்னு பேரன் சொல்லிக் குடுத்தான், அதனால பேசற மாதரயே இருக்கும், எங்காச்சும் தப்பு இருந்தா நீங்களே திருத்திப் போட்டுக்குங்க.

நான் கோயமுத்தூர் கணபதியில இருக்கறனுங்க. பேட்டர்ன் வேலை. தெரியாதவங்களுக்குச் சொல்றன், பவுண்டரியில இரும்பக் காய்ச்சி ஊத்தறதுக்கு மண்ணுல ஒரு பள்ளம் வேணுமல்லங்க, அந்தப் பள்ளத்துக்காக உருப்படிய மொதல்ல மரத்துல செஞ்சு மண்ணுக்குள்ள வெச்சு இடிச்சு எடுப்பாங்க, அந்த மரம்தான் பேட்டர்ன். கோயமுத்தூர் பம்ப்புன்னு ஊர் ஊராப் பேசறாங்களே, அந்த பம்ப்போட வெளிக்கூடு கேசிங்கும் உள்ள சுத்தற சக்கரம் இம்பெல்லரும் எங்க மாதர ஆளுக கையில மொதல்ல தேக்கு மரமாத்தான் இருந்துச்சு. பத்தாவது முடிச்சுட்டு பட்டறைக்குப் போனவன், 41 வருசம் ஓட்டிப்போட்டன், இப்ப முழங்கால் விட்டுப்போச்சு, ஊட்டுல உக்காந்துட்டு பேப்பரு ஒரு வரி உடாம படிக்கறன். அதான் உங்களுக்கு இந்தத் தொந்தரவு.

கற்பனைய நம்பி நான் ஒருக்கா பட்டத மொதல்ல சொல்லிப்போடறனுங்க. 1987ன்னு ஞாபகம். ஒரு மோட்டாருக்கு பிராக்கெட் வேணும்னு ஒரு பார்ட்டி ஒத்தைத் தாள்ல ஐசோமெட்ரிக் படம் மட்டும் போட்டுக் குடுத்தாங்க, முன்னாடி, மேல, பக்கவாட்டுன்னு தனித்தனியாப் போடற மூணு வியூ எதுவும் கிடையாது. பின்னாடி செவுராட்ட ஒரு தகடு நட்டுக்க நிக்குது, கீழ அடித்தகடு முன்னாடி நீட்டிட்டு வருது, ரெண்டுக்கும் முட்டுக் குடுக்கற மாதர சாய்வா ஒரு ரிப்பு. செவுத்துல 60 மில்லிமீட்டர் ஒசரத்துல ரிப்பு ஆரம்பிக்குதுன்னு அளவு இருந்துச்சு, அடியில எங்க வந்து முடியுதுங்கற அளவ மட்டும் உட்டுட்டாங்க. படம் ஃபுல் சைஸ்னு ஓரத்துல எழுதியிருக்குதே, அப்பறம் என்னன்னு நான் டிவைடர எடுத்து அந்தச் சாய்வுக் கோட்டு மேலயே வெச்சு அளந்தேன். 104 மில்லி வந்துச்சு. அதே 104க்கு ரிப்ப வெட்டி ஒட்டிப்போட்டன். மரத்துல பாக்கறப்ப அழகாத்தான் இருந்துச்சுங்க. முப்பது பீஸ் ஊத்தி, டிரில்லிங்குக்குப் போன பொறகுதான் தெரியுது, ரிப்போட காலு போல்ட் ஓட்டை வர்ற எடத்துலயே போய் உக்காந்திருக்குது. முப்பதும் மறுபடி உலைக்கே போச்சு. மொதலாளி ஒரு வார்த்தை சொல்லல, கூலியிலதான் புடிச்சாரு.

என்ன ஆச்சுன்னா, அந்தச் சாய்வோட நெசமான நீளம் 85 மில்லிதான், படத்துல அது 104ஆ நீண்டு தெரியும். எனக்கு அப்பத் தெரியல. அடித்தகட்டுக் கோட்டோரமா டிவைடர வெச்சிருந்தா சரியா 60ன்னு வந்திருக்கும், சோலி முடிஞ்சிருக்கும். நான் சாய்வ நம்புனதுல காலு 25 மில்லி முன்னாடி தள்ளிப்போச்சு. இதே ரிப்பு எதிர்ப்பக்கமா சாஞ்சிருந்தா படத்துல வெறும் 60தான் இருந்திருக்கும். அதாவதுங்க, ஐசோமெட்ரிக் படத்துல மூணே மூணு தெசைதான் நம்மளுக்கு உண்மை பேசும், நட்டுக்க ஒண்ணு, சோத்தாங்கைப் பக்கம் 30 டிகிரியில ஒண்ணு, பீச்சாங்கைப் பக்கம் 30 டிகிரியில ஒண்ணு. இந்த மூணுக்கும் இணையாப் போற கோட்டுல ஸ்கேல வெக்கலாம், வேற எந்தக் கோட்டுலயும் ஸ்கேலும் வெக்கக்கூடாது, கோணமானியும் வெக்கக்கூடாது. அதனாலதான் பிரமிடு கூம்பு மாதர சாஞ்ச உருப்படிய வரையச் சொன்னா மொதல்ல அதச் சுத்தி ஒரு பொட்டி வரைஞ்சுக்கிட்டு, முனை எங்க வருதுன்னு பொட்டியோட ஓரத்துல இருந்து அளந்து புள்ளி வெச்சு, அப்பறம் புள்ளியோட புள்ளிய இழுக்கறது. இதுல கற்பனை எங்கீங்க இருக்குது? அளக்கத் தெரியோணும், எங்க அளக்கக் கூடாதுன்னும் தெரியோணும்.

இப்ப என்ற பேரன் கதைக்கு வர்றன். மக வயித்துப் பேரன், போன வருசம் இந்தப் பக்கத்துலயே ஒரு காலேஜ்ல மெக்கானிக்கல் சேந்தான். காலேஜ் பேரு வேண்டாமுங்க. பன்னெண்டாவது வரைக்கும் நல்லாப் படிச்ச பையன், மொத இன்டர்னல்ல டிராயிங்ல மட்டும் மொகம் சுண்டி வந்து உக்காந்தான். ஷீட்ட வாங்கிப் பாத்தா கோடெல்லாம் முத்தாட்ட இருக்குது, டிராஃப்டர் (கோணத்த லாக் பண்ணி கோடு போடற கருவி) புடிக்கற கை சுத்தமான கை. ஆனா ஏன் 30 டிகிரின்னு கேட்டா தெரியல. "அப்புச்சி, டிராஃப்டர 30ல லாக் பண்ணுன்னாங்க, பண்ணிட்டன்"ங்கறான். 100 மில்லிய 82ஆச் சுருக்கிப் போடறாங்களே, அந்த 82 எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, ஃபார்முலாங்கறான். உனக்கு மனசுல உருவம் வரமாட்டேங்குது, போகப் போக வரும்னு சாரு சொன்னாருன்னு வேற சொல்றான். எனக்கு வெசனமாப் போச்சு.

அன்னைக்கு சாயங்காலமே சீமாத்துல இருந்து ஈக்குச்சி உருவி (ஊட்டுக்காரம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை) சரியா 100 மில்லிக்கு பன்னெண்டு குச்சி வெட்டுனமுங்க. மூலைக்கு மூலை துளியூண்டு எம்சீல் உருட்டி வெச்சு ஒட்டுனா, ஒரு பொட்டி எலும்புக்கூடா நிக்கும். மறுநாள் அது காஞ்ச பொறகு நாலு மணி வெயில்ல மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போனம். பழைய காலண்டர் அட்டையில ஒரு ஆணிய நேரா அடிச்சு, அந்த ஆணிக்கு நெழலே உழாத வரைக்கும் அட்டையத் திருப்பி சாத்தி வெச்சம், அப்பத்தான் வெயில் அட்டை மேல நேருக்கு நேரா உழுகும். அப்பறம் பையன் கையில பொட்டியக் குடுத்து, முன் மூலையோட நெழலு, அதுக்கு நேர் எதிர்கோடியில இருக்கற பின் மூலையோட நெழலு மேலயே உழுகற மாதர மெதுவாத் திருப்புன்னன். ரெண்டு நிமிசம் அக்கட்ட இக்கட்ட ஆட்டிட்டே இருந்தான். திடீர்னு அட்டையில ஒரு வண்டிச் சக்கரம் வந்துச்சுங்க. சுத்தி ஆறு பக்கம், நடுவுல இருந்து ஆறு ஆரம். பன்னெண்டு குச்சிக்கும் கணக்கு சரியாப்போச்சு. ஆறு ஆரத்துல மூணு நம்ம பக்கத்துக் குச்சி, மூணு பின்னாடி பக்கத்துக் குச்சி. நெசப் பொட்டியா இருந்தா பின்னாடி மூணும் மறைஞ்சுக்கும், மீதி ஒம்பது கோடு, அதுதான் நீங்க புத்தகத்துல பாக்கற ஐசோமெட்ரிக் பொட்டி.

நெழல ஸ்கேல் வெச்சு அளந்தான். 82, 81, 82, 82. "அப்புச்சி எல்லாமே ஒண்ணாட்ட இருக்குது!" அப்பிடின்னான். அதுக்குத்தாங்க ஐசோமெட்ரிக்னு பேரு, கிரேக்கத்துல ஐசோன்னா சமம், மெட்ரிக்னா அளவு. எந்தப் பக்கத்துக்கும் ஓரவஞ்சனை இல்லாம மூணு பக்கமும் ஒரே அளவுக்கு சுருங்குது. முன்னாடி மூணு ஆரத்துக்கும் நடுவுல 120 டிகிரி. ஒரு ஆரத்த நட்டுக்க நிறுத்துனா பக்கத்து ஆரம் 120 தள்ளி இருக்கோணும், நட்டுக்குத்துல இருந்து படுக்கைக்கு வர்றதுக்குள்ள 90 செலவாயிருது, மீதி 30. டிராஃப்டர்ல லாக் பண்ணச் சொன்ன 30 அதுதான். அப்பத்தான் பையன் மொகத்துல லைட் எரிஞ்சுது.

82ங்கறது என்னன்னா, ஒவ்வொரு குச்சியும் அட்டைக்கு 35 டிகிரி 16 நிமிசம் (கோணக் கணக்கு நிமிசமுங்க, கடியார நிமிசம் இல்ல) சாஞ்சு நிக்குது. சாஞ்ச ஏணியோட நெழலு ஏணிய விட கட்டையா இருக்குமல்ல, அந்த மாதர 100 மில்லி 81.65ஆ தெரியுது. நாங்க பேட்டர்ன் பட்டறையில இது மாதர ஸ்கேல்லதாங்க வாழ்நாள் பூரா குப்பை கொட்டுனம். வார்ப்பிரும்பு ஆறுறப்ப மீட்டருக்கு சுமாரா 10 மில்லி சுருங்கும், அலுமினியம் 13 பக்கம், ஸ்டீலு 20 பக்கம், அதனால பேட்டர்ன அந்த அளவு எச்சா செய்யோணும். ஒவ்வொண்ணுக்கும் கணக்குப் போட்டுட்டு இருந்தா விடிஞ்சுரும்னு ஷ்ரிங்கேஜ் ஸ்கேல்னு தனியா வெச்சிருப்பம், அதுல ஒரு மீட்டர்னு போட்டிருக்கறது நெசத்துல 1010 மில்லி. புதுசா வர்ற பையன் தெரியாம அந்த ஸ்கேல எடுத்து ஊட்டுக் கதவுக்கு அளவெடுத்த கதையெல்லாம் இருக்குது. ஐசோமெட்ரிக் ஸ்கேலும் இதே சோலிதான், அது நீட்டுன ஸ்கேலு, இது சுருக்குன ஸ்கேலு, 100ன்னு எழுதியிருக்கற எடத்துல 82 இருக்கும். வரையறதும் சுளுவு, ஒரே மூலையில இருந்து 45 டிகிரியில ஒரு கோடு, 30 டிகிரியில ஒரு கோடு, 45 மேல சாதா ஸ்கேல் அளவக் குறிச்சு நேராக் கீழ எறக்குனா 30 மேல சுருங்குன அளவு கெடச்சுரும்.

அடுத்ததாத்தான் பசங்க தொபுக்கடீர்னு உழுகற எடம். கேள்வியில ஐசோமெட்ரிக் வியூன்னு கேட்டிருந்தா இருக்கற அளவ அப்பிடியே போட்டு வரையலாம், ஐசோமெட்ரிக் புரொஜெக்சன்னு கேட்டிருந்தா சுருக்குன ஸ்கேல்ல வரையோணும். உருவம் ரெண்டும் ஒண்ணுதான், வியூ மட்டும் இருவத்திரண்டரை பர்சன்ட் பெருசா இருக்கும். ஒரு வார்த்தையிலதான் வித்தியாசம், அதுவும் இங்கிலீஷ் வார்த்தை. என்ற பேரன் இதுல கூட தப்பிச்சுட்டான், மாட்டுனது பந்துல.

ஒரு சதுரக் கட்டை மேல 50 மில்லி பந்து உக்காந்திருக்குது, புரொஜெக்சன் போடுன்னு கேள்வி. பையன் கட்டையச் சுருக்குனான், சரி. பந்தையும் சுருக்கிப்போட்டான், 25 ஆரத்துக்கு 20.4 வெச்சு வட்டம் போட்டான். செவப்பு மையில ஒரு குறுக்குக் கோடு, அவ்வளவுதான், ஏன் தப்புன்னு ஒரு வார்த்தை இல்ல. நான் ஒரு பந்த எடுத்து அதே அட்டை முன்னாடி புடிச்சனுங்க. திருப்பு, உருட்டு, என்ன வேணாப் பண்ணு, பந்தோட நெழலு அதே அகலம்தான், பந்துக்கு சாய்வுன்னு ஒண்ணு கிடையாதே. அதனால வட்டத்தோட ஆரம் 25 தான். ஆனா பந்தோட நடுப்புள்ளி கட்டையத் தொடற எடத்துல இருந்து எவ்வளவு ஒசரத்துல இருக்குதுங்கறது நட்டுக்க அளக்கற அளவு, அது மட்டும் சுருங்கி 20.4 ஆகும். 20.4 மேல போய் காம்பஸ் முள்ளக் குத்தி, 25 தொறந்து வட்டம் போடோணும். இதே கேள்விய வியூன்னு கேட்டிருந்தா கட்டை முழு அளவு, நடுப்புள்ளி 25 ஒசரத்துல, வட்டத்தோட ஆரம் மட்டும் 30.6, பந்து அளவுக்கு மீறிப் பெருத்துத் தெரியும், அதுதான் சரி. அஞ்சு நிமிசத்துல புரிஞ்சுக்கிட்டான், அதுக்கு அப்பறம் கிளாஸ்ல நாலு பசங்களுக்கு அவனே சொல்லிக் குடுத்தானாம்.

வட்டம் முட்டையாகறதும் இதே அட்டையில பாத்துக்கலாமுங்க. பொட்டியோட மேல்மொகத்துல ஒரு வளையல ஒட்டி வெச்சா நெழலு நீள்வட்டமா உழும். நீளவாக்குல அளந்தா வளையலோட முழு அகலமே இருக்கும், குறுக்குல மட்டும் 100க்கு 58 தான் இருக்கும். வளையல் மேல்மொகத்துல இருக்கறப்ப முட்டை படுத்துக்கும், பக்கத்து மொகத்துக்கு மாத்துனா முட்டை சாஞ்சுக்கும். எந்தப் பக்கம் சாயறதுங்கறதுலதான் பாதிப்பேரு கோட்டை உடறாங்க. நம்ம மாட்டுவண்டிச் சக்கரத்த நெனச்சுக்கிட்டாப் போதும், அச்சு எந்தத் தெசையில போகுதோ அந்தத் தெசையிலதான் முட்டை ஒடுங்கும். கிரைண்டர் டிரம்முக்கும் இதேதான், பம்ப்புல பைப்ப மாட்டற வட்டத் தகடு ஃபிளாஞ்சுக்கும் இதேதான். பரீச்சையில நாலு எடத்துல காம்பஸ் குத்தி போடற முறை சொல்லித் தர்றாங்க, அது கணக்குப்படி சுத்தமான நீள்வட்டம் கிடையாது, ஒரு ஒட்டுப்போட்ட வேலைதான், ஆனா கண்ணுக்குத் தெரியாது.

இதையெல்லாம் நான் பெருமையா டைனிங் டேபிள்ல வெச்சு வெளக்கிட்டு இருக்கறப்ப ஊட்டுக்காரம்மா ஒரு வார்த்தை சொன்னாங்க பாருங்க. பேரன் வாங்கியாந்த ஐசோமெட்ரிக் புள்ளித்தாள எட்டிப் பாத்துட்டு, "இது என்ற இடுக்குப்புள்ளி தானே கண்ணு, இதுக்கு எதுக்கு காசு குடுத்து வாங்குன"ன்னுட்டாங்க. நெசந்தாங்க! நேர்ப்புள்ளி கட்டம்கட்டமா வரும், அது கிராஃப் தாள். இடுக்குப்புள்ளி ஒரு வரிசைப் புள்ளிக்கு நடுச்சந்துல அடுத்த வரிசைப் புள்ளி உழுகறது, முக்கோணம் முக்கோணமா வரும், அதுதான் ஐசோமெட்ரிக் தாள். நடுவரிசை 7 வெச்சு ரெண்டு பக்கமும் 4 வரைக்கும் கொறைச்சுட்டு வாங்க, மொத்தம் 37 புள்ளி, மார்கழியில தெனமும் வாசல்ல இருக்கறதுதான். அதோட வெளிப்புள்ளியெல்லாம் சேத்தா அறுகோணம். இப்ப அந்தக் கோலத்தப் பக்கவாட்டுல வந்து நின்னு பாருங்க, அப்பத்தான் நட்டுக்குத்துக் கோடு கெடைக்கும், நேரா நின்னு பாத்தா படுக்கைக் கோடுதான் கெடைக்கும். நடுப்புள்ளியில இருந்து கீழ நேரா ஒரு கோடு, மேல ரெண்டு பக்கமும் சாய்வா ஒவ்வொரு கோடு மூலை வரைக்கும் இழுத்தா, ரூபிக்ஸ் கியூப் உக்காந்திருக்கும், ஒரு மொகத்துக்கு மூணுக்கு மூணு ஒம்பது கட்டத்தோட. ஸ்கேல் வேண்டாம், டிராஃப்டர் வேண்டாம். நாப்பது வருசமா எங்க ஊட்டு வாசல்ல இருந்திருக்குது, நான் அத மிதிச்சுட்டு வேலைக்குப் போயிருக்கறன். பொறவியிலயே கற்பனைத் திறன் வேணும்னு எழுதுனவங்க எங்கூட்டு வாசலுக்கு ஒருக்கா வந்துட்டுப் போகோணும்.

இந்த முறைய யாரு ஒழுங்குபடுத்துனாங்கன்னு பேரன்தான் தேடிச் சொன்னான், இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டில வில்லியம் ஃபாரிஷ்னு ஒரு புரொபசர், 1822ல இதப்பத்தி எழுதியிருக்காரு. அவுரு கிளாஸ்ல மெஷின் மாடல்கள வெச்சுப் பாடம் நடத்துவாராம். ஒரே பாகங்கள மாத்தி மாத்திக் கோத்து தெனம் ஒரு மெஷின் காட்டறது, முடிஞ்சதும் கழட்டிப்போடறது. அடுத்த தடவை உதவியாள் அதத் திரும்பக் கோக்கோணுமே, எந்த ராடு எந்த வீலுக்குப் போகுதுன்னு அவுங்களுக்குப் புரியற மாதர, அளவும் எடுக்கற மாதர ஒரு படம் வேணும்னுதான் இந்த வழியக் கையில எடுத்திருக்காரு. எனக்கு அதப் படிச்சதும் ரொம்பச் சந்தோசமுங்க. ஓவியம் வரையறவங்களுக்கு தூரத்துல போற தண்டவாளம் ஒண்ணு சேரோணும், அது பெர்ஸ்பெக்டிவ், பாக்க அழகு, அளக்க ஒதவாது. ஐசோமெட்ரிக்ல தண்டவாளம் எவ்வளவு தூரம் போனாலும் சேராது, கொஞ்சம் வெறப்பாத்தான் தெரியும், ஆனா ஸ்பேனர் புடிக்கறவன் அத வெச்சு வேலை செய்யலாம்.

இப்பெல்லாம் கம்ப்யூட்டர் இருக்குது, மாடல் பண்ணிட்டு பட்டனத் தட்டுனா ஐசோமெட்ரிக் தானா வருது, இதையெல்லாம் எதுக்குப் படிக்கோணும்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. படம் வரையற சாப்ட்வேர் ஆட்டோகேட்ல தட்டையா ஐசோமெட்ரிக் கட்டம் போட்டு F5 அழுத்தி மொகத்த மாத்தி மாத்தி வரைஞ்சா அது முழு அளவுல வரும். அதே உருப்படிய 3டி மாடலாப் பண்ணி ஐசோமெட்ரிக்ல திருப்பி ஒண்ணுக்கு ஒண்ணு பிரிண்ட் எடுத்தா 100 மில்லிக்கு 82தான் வரும், ஏன்னா அது நெசமாவே சாச்சு வெச்ச நெழலு. ரெண்டு பிரிண்டும் டேபிள்ல கெடக்கறப்ப வித்தியாசம் தெரியாத பையன் அதுல எத நம்பி ஸ்கேல வெப்பான்? 1987ல நான் பண்ணுன அதே கூத்துதான் நடக்கும், என்ன, இப்ப கலர்ல நடக்கும். எங்க தெருவுல ஒரு பையன் வளைகுடாவுல பைப் ஃபிட்டரா இருக்கறான், அவுங்க ஐசோன்னுதான் சொல்லுவாங்க, அதுல எந்தக் கோட்டுலயும் ஸ்கேல் வெக்கவே கூடாதாம், ஒத்தைக் கோடா பைப்ப வரைஞ்சு வடக்கு எந்தப் பக்கம்னு அம்புக்குறி போட்டு, அளவெல்லாம் நம்பர்லதான், அம்பது அடி பைப்பும் அஞ்சடி பைப்பும் தாள்ல ஒரே நீளம் இருந்தாலும் இருக்கும். பேரு ஒண்ணுதான், படிக்கற மொறை வேற.

இன்னொரு வில்லங்கமும் நம்மூர்ல உண்டு. மூணு வியூவயும் தாள்ல எங்கெங்க வெக்கறதுங்கறதுக்கு ரெண்டு மொறை இருக்குது. நாம படிக்கறது பூராவும் ஃபர்ஸ்ட் ஆங்கிள், டாப் வியூ கீழ வரும். அமெரிக்கா பார்ட்டிக்கு காஸ்டிங் பண்ணுனா படம் தேர்ட் ஆங்கிள்ல வரும், டாப் வியூ மேல இருக்கும், சைடு வியூவும் எடம் மாறும். மூலையில இருக்கற அந்தக் கூம்பு சின்னத்தப் பாக்காம வேலை செஞ்சு, சோத்தாங்கைப் பக்கம் வர வேண்டியது பீச்சாங்கைப் பக்கம் வந்து நின்ன பேட்டர்ன் நான் ரெண்டு பட்டறையில பாத்திருக்கறன். அதே தாள்ல ஓரமா உள்ளங்கை அளவு ஒரு ஐசோமெட்ரிக் இருந்தா அந்தத் தப்பு நடக்கவே நடக்காதுங்க. நான் மேஸ்திரி ஆன பொறகு எந்தப் படம் வந்தாலும் வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பலகையில சாக்பீஸ்ல ஒரு ஐசோமெட்ரிக் கிறுக்கச் சொல்லுவன், பையன் கிறுக்குனா புரிஞ்சுதுன்னு அர்த்தம், கிறுக்கலைன்னா மரத்துல கைய வெக்க உடமாட்டன்.

சரிங்க, நீண்டு போச்சு, எதுக்கு எழுத ஆரம்பிச்சன்னா, உங்க ஞாயித்துக்கெழமை பேப்பர்ல சுடோகு போடறீங்க, குறுக்கெழுத்து போடறீங்க, வித்தியாசம் ஆறு கண்டுபுடின்னு போடறீங்க. அதுக்குப் பக்கத்துல நாலு விரக்கடை எடம் ஒதுக்கி வாரம் ஒரு உருப்படி போட்டா என்னங்க? மூணு வியூ குடுத்து, பக்கத்துலயே இடுக்குப்புள்ளியும் அச்சடிச்சு, பென்சில்ல இதுலயே வரைன்னு உட்டுட்டாப் போதும். கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர், குறிச்சின்னு எந்தப் பக்கம் திரும்புனாலும் லேத்துச் சத்தம் கேக்கற ஊரு, கரூருக்குப் போனா பஸ் பாடி கட்டறாங்க, திருச்செங்கோட்டுக்குப் போனா போர் போடற ரிக்கு வண்டி, டீக்கடையில பேப்பரு படிக்கறவங்கள்ல பாதிப்பேரு டிராயிங் புடிச்சு சோறு திங்கறவங்கதான், அவுங்க ஊட்டுப் பசங்களும் எட்டாவது ஒம்பதாவதுல இருந்தே வெளையாட்டா போட்டுப் பழகிக்குவாங்க. வார்த்தைகள தமிழ்லயே போடுங்க, ஐடிஐ பசங்களுக்கு நிமிங்கற (NIMI) அரசு நிறுவனம் போடற புத்தகம் தமிழ்லயும் இருக்குது, அதையே கூட வெச்சுக்கலாம். வரையறதுக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, கை இன்னும் நடுங்கலைங்க, காசு வேண்டாம்.

மொத வாரத்துக்கு இதோ நானே ஒண்ணு தர்றன். ஃப்ரண்ட் வியூ 50க்கு 50 சதுரம், உள்ள எந்தக் கோடும் இல்ல, மறைஞ்ச ஓரத்தக் காட்டற புள்ளிக்கோடும் இல்ல. டாப் வியூவும் அதே 50க்கு 50 சதுரம், அதுலயும் உள்ள எதுவும் இல்ல. உருப்படி சதுரக் கட்டை கிடையாது. என்னவா இருக்கும், ஐசோமெட்ரிக் வரையோணும். இதுக்கு ஒரே விடை இல்லைங்க, என்ற பேரன் மூணு வரைஞ்சு காமிச்சான். ஒண்ணு கதவுக்கு அடியில முட்டுக் குடுக்கற ஆப்பு, ஒண்ணு கால்வட்டமா புடைச்சது, மூணாவது அதே கால்வட்டத்த உள்பக்கமா தோண்டியெடுத்தது. இந்த மூணையும் அச்சுல போட்டுறாதீங்க, விடை தேடறவங்களுக்கு சுவாரசியம் போயிரும், உங்களுக்கு மட்டும்தான் சொல்றன். நாலாவது யாராச்சும் வரைஞ்சு அனுப்பிச்சா மட்டும் எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேட்டர்ன் மேஸ்திரி,
கணபதி, கோயமுத்தூர்